காருக்குள் ஒரு காலாவதித் தொலைபேசி

2003 வாக்கில் வந்த மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் கார் ஒன்றில், முன்னிருக்கைகளுக்கு நடுவே இருக்கும் பெட்டியின் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருக்கும். மோட்டரோலாவோ நோக்கியாவோ சீமென்ஸோ, அந்தக் காலத்துப் போன் ஒன்றின் முதுகுக்கு அளவெடுத்துச் செய்த தாங்கி. ஸ்டீயரிங்கில் அழைப்பை எடுக்கவும் வைக்கவும் பொத்தான்கள். கூரையில், பின்பார்வைக் கண்ணாடியின் பக்கம் மைக். டாஷ்போர்டுத் திரையில் தொலைபேசிக்கென்று தனிப் பக்கம். எல்லாம் நல்ல நிலையில் இருக்கும், அந்தத் தாங்கியில் உட்கார வேண்டிய போனைத் தவிர. இன்று கடையில் கிடைக்கும் எந்தக் கைப்பேசியும் அதில் பொருந்தாது.

இது ஒரு பணக்காரக் காரின் தனிக் குறை அல்ல. 1990களின் நடுவிலிருந்து 2010 வரை பி.எம்.டபிள்யூ., ஆடி, வோல்வோ, சாப், ஜாகுவார், போர்ஷே, லெக்சஸ் எனப் பல நிறுவனங்கள் தொலைபேசியைக் காரின் உடம்போடு சேர்த்துத் தைத்து விற்றன. அந்தக் கார்களில் கணிசமானவை இன்னும் ஓடுகின்றன. அமெரிக்கச் சாலைகளில் ஓடும் வாகனங்களின் சராசரி வயது 2024-இல் 12.6 ஆண்டாக இருந்தது. கைப்பேசியையோ மூன்று நான்கு ஆண்டுக்குள் மாற்றிவிடுகிறோம். இந்த இரண்டு ஆயுளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இடத்தில்தான் ‘என் பழைய காரில் புதிய போனை எப்படி இணைப்பது?’ என்ற கேள்வி பிறக்கிறது.

விடை தேடிப் போகிறவர்களுக்கு ஆயிரம் ரூபாய்ச் சாதனம் முதல் லட்சத்தைத் தாண்டும் தயாரிப்பு வரை கடைகள் காட்டுகின்றன. எதை வாங்குவது என்பதைவிட, பழைய அமைப்பில் எந்தப் பகுதி இன்னும் உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கையில் எடுத்துப் போகும் போனுக்கு வெகுகாலம் முன்பே காரில் வைத்த போன் வந்துவிட்டது. 1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் தொடங்கிய சேவையில் கருவியின் எடை சுமார் 36 கிலோ. கார் தவிர வேறு எங்கே வைக்க முடியும்? மேற்கு ஜெர்மனியில் 1958-இல் ‘ஏ’ வலையமைப்பு வந்தது. ஆபரேட்டர்தான் இணைப்புக் கொடுக்க வேண்டும்; உச்சத்தில் இருந்தபோதும் சந்தாதாரர்கள் சுமார் 11 ஆயிரம் பேர்தான். 1972-இல் ‘பி’, 1985-இல் ‘சி’ என்று அடுத்தடுத்து வந்தன. அமெரிக்காவின் முதல் வணிகச் செல்லுலார் சேவை 1983 அக்டோபர் 13 அன்று சிகாகோவில் தொடங்கியபோதும், முதல் அழைப்பு ஒரு காருக்குள்ளிருந்துதான் போனது. மறுமுனையில், ஜெர்மனியில், கிரகாம் பெல்லின் வாரிசு ஒருவர் பேசினார்.

அந்தத் தலைமுறைக் கார்ப் போன்களால் இன்று யாருக்கும் தொல்லை இல்லை. டிக்கியில் ஒரு பெட்டி, முன்னால் சுருள் ஒயரோடு ஒரு ரிசீவர், வெளியே ஒரு ஆண்டெனா. வேண்டாமென்றால் நாலு திருகாணியைக் கழற்றி எடுத்துவிடலாம். காருக்கு ஒன்றும் ஆகாது. பழைய காரைச் சேகரிப்பவர்கள் அந்த ரிசீவரை அழகுக்காகவே விட்டுவைக்கிறார்கள்.

சிக்கல் 1998-க்குப் பிறகு வந்தது. அந்த ஆண்டு வெளிவந்த எஸ் கிளாஸில் ரேடியோ, சி.டி. மாற்றி, வழிகாட்டி, தொலைபேசி எல்லாவற்றையும் மெர்சிடிஸ் ஓர் ஒளியிழை வளையத்தில் கோத்தது. அதன் பெயர் டி2பி. 2001-இல் பி.எம்.டபிள்யூ. ஏழாம் வரிசைக் காரில் அதன் அடுத்த தலைமுறையான ‘மோஸ்ட்’ வந்தது. பிறகு ஆடி, வோல்வோ, போர்ஷே, மெர்சிடிஸ் எல்லாரும் அதற்கு மாறினார்கள். தாமிரக் கம்பிக்குப் பதில் பிளாஸ்டிக் இழை. அதற்குள் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி. ஒவ்வொரு சாதனமும் தனக்கு முன்னால் இருப்பதிடமிருந்து ஒளியை வாங்கி அடுத்ததற்கு அனுப்பும். வளையத்தில் ஒன்று செத்தாலோ, யாராவது ஒன்றைக் கழற்றிவிட்டாலோ, மொத்தமும் ஊமையாகிவிடும். தொலைபேசிப் பெட்டி பழுதானதால் ரேடியோ பாடாத கார்கள் அப்படி உருவானவைதான். உள்ளூர் கார் ஸ்டீரியோ கடையில் ‘இந்த போன் பெட்டி வேண்டாம், கழற்றிப் போடுங்கள்’ என்று சொன்னவர்கள் வீட்டுக்கு மௌனமான காரோடு திரும்பினார்கள். உள்ளே வரும் இழையையும் வெளியே போகும் இழையையும் இணைத்துவிடும் சின்னப் பிளாஸ்டிக் இணைப்பி ஒன்று உண்டு; விலை அற்பம். அது இருந்தால் வளையம் மறுபடி மூடிக்கொள்ளும். இந்த ஒரு விவரம் தெரியாமல் முழு ஆடியோ அமைப்பையே மாற்றச் சொல்லும் மெக்கானிக்குகள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

வோல்வோ இன்னொரு வழியில் போனது. 2000களின் எஸ்60, வி70, எஸ்80 கார்களில் கைப்பேசிக்கு இடமே வைக்காமல், காரையே ஒரு ஜி.எஸ்.எம். போனாக்கியது. நடுப்பலகையில் எண்பலகை, சிம் போட ஒரு பிளவு. உரிமையாளர் இன்னொரு சிம் வாங்கிக் காருக்கென்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் இது கம்பீரமாகத்தான் இருந்தது.

இவற்றைக் கொன்றது காரின் முதுமை அல்ல, வானலை. அமெரிக்காவில் பழைய அனலாக் செல்லுலார் சேவையை நிறுத்திக்கொள்ள நிறுவனங்களுக்கு 2008 பிப்ரவரி 18 முதல் அனுமதி கிடைத்தது. அதை ஒட்டி, அனலாக் மட்டுமே தெரிந்த ஆன்ஸ்டார் கருவிகள் பொருத்திய ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அவசர அழைப்புப் பொத்தான் வெறும் பொத்தானாயிற்று. மெர்சிடிஸின் டெலி எய்ட் சேவையும் அதே காரணத்தால் பல கார்களில் நின்றுபோக, வாங்கியவர்கள் நியூ ஜெர்சி கூட்டாட்சி நீதிமன்றத்தில் கூட்டு வழக்கே தொடுத்தார்கள். 2017 தொடங்கியபோது ஏ.டி. அண்ட் டி. நிறுவனத்தின் 2ஜி இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரின் மூன்று நிறுவனங்களும் 2ஜியை மூடின. 2022-இல் அமெரிக்காவின் 3ஜி வரிசையாக அணைந்தது. இம்முறை அடி வாங்கியவை பத்தாண்டுகூட ஆகாத கார்கள். பிரிட்டனில் 2024 ஏப்ரலில் பழைய நிசான் லீஃப் மின்கார்களின் செயலி வேலை செய்யாமல் போனதற்கும் 2ஜி மூடப்படுவதையே நிறுவனம் காரணமாகச் சொன்னது.

ஆகவே காருக்குள் தனி சிம், தனி ரேடியோ வைத்த எந்த ஏற்பாட்டையும் உயிர்ப்பிக்க முயல்வது வீண் செலவு. இந்தியாவில் 2ஜி இன்னும் இயங்குவதால், பழைய வோல்வோவின் பிளவில் ஏர்டெல் சிம்மைப் போட்டால் மணி அடிக்கவும் கூடும். ஜியோவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை; அது பிறந்ததே 4ஜியில். வேடிக்கைக்குச் செய்து பார்க்கலாம், நம்பி இருக்க முடியாது.

ஆனால் அதே கார்களில் இன்னொரு அலை சாகவில்லை. பத்து மீட்டர் போகும் ப்ளூடூத்.

எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய இந்த ஆய்வு, 1998-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த பொது அமைப்பின் கைக்கு வந்தது. 1999-இல் முதல் பதிப்பு வெளியானது. 2004 மாடல் அக்யூரா டி.எல். போன்ற கார்களில் அது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய அந்தக் காரும் இந்த ஆண்டு வாங்கிய ஸ்மார்ட்போனும் பெரும்பாலும் இன்றும் பேசிக்கொள்கின்றன. திரையில் நாலு இலக்க எண் ஒன்றைத் தட்டச் சொல்லும் பழைய இணைப்பு முறையைப் புதிய போன்களும் கைவிடவில்லை. செல்லுலார் வலையமைப்பு ஒருவருக்குச் சொந்தமானது. அலைவரிசையைப் புதியதற்குத் திருப்ப வேண்டுமென்றால் பழையதை அணைத்தே தீர வேண்டும். ப்ளூடூத்துக்கு அப்படி அணைக்கும் பொத்தான் எவரிடமும் இல்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பழைய காரைப் புதுப்பிக்கும் வேலையில் பாதி முடிந்தது.

மீதிப் பாதி, எந்த ப்ளூடூத் என்ற கேள்வி. காருக்கும் போனுக்கும் இடையே பேச இரண்டு ஒழுங்குகள் வகுக்கப்பட்டன. ஒன்று எச்.எஃப்.பி.; இதில் போன்தான் பேசும், கார் வெறும் மைக்கும் ஸ்பீக்கரும் பொத்தானும். இரண்டாவது சிம் அணுகல், சுருக்கமாக ஆர்சாப். இதில் காரிலேயே தனி ஜி.எஸ்.எம். ரேடியோ இருக்கும், பாக்கெட்டில் உள்ள போனின் சிம் விவரங்களைக் கார் கடன் வாங்கிக்கொள்ள, போன் தன் ரேடியோவை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கும். ஜெர்மன் பொறியாளர்களுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது: கூரை ஆண்டெனா வழியே சிக்னல் தெளிவாகக் கிடைக்கும், போனின் பேட்டரி தீராது, காருக்குள் கதிர்வீச்சும் குறைவு. வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சுப் பூசிய கண்ணாடிகள் உள்ள கார்களில், உள்ளே இருக்கும் போன் சிக்னலுக்குத் திணறும் என்பதும் உண்மைதான்.

ஃபோக்ஸ்வாகன் தன் ‘பிரீமியம்’ தொலைபேசி வசதியை முதலில் ஆர்சாப்பை மட்டுமே நம்பிச் செய்தது. நோக்கியா போன்கள் அதோடு நன்றாக ஒத்துழைத்தன. ஐபோன் வந்தது, ஆப்பிள் ஆர்சாப்பை ஒருபோதும் ஏற்கவில்லை. ஆண்ட்ராய்டிலும் சில சாம்சங் மாடல்கள் போன்றவை தவிர பெரும்பாலானவற்றில் அது இல்லை. விலை உயர்ந்த ‘பிரீமியம்’ வசதிக்குப் பணம் கட்டியவர்கள், எச்.எஃப்.பி. மட்டும் உள்ள மலிவான வசதியை வாங்கியவர்களைப் பார்த்துப் பொறாமைப்படும் நிலை வந்தது. பொறியியலில் சிறந்தது எது என்ற போட்டியில் ஆர்சாப் வென்றிருக்கும். கையில் எல்லாரும் வைத்திருக்கும் போன் எதைப் பேசுகிறது என்ற போட்டியில் அது தோற்றது. பழைய ஜெர்மன் கார் வாங்குகிறவர் ‘ப்ளூடூத் உண்டு’ என்ற விற்பனையாளர் பேச்சோடு நிறுத்திவிடாமல், தன் போனையே இணைத்து ஓர் அழைப்பைச் செய்து பார்ப்பது நல்லது.

இனி வழிகள். எளியதிலிருந்து தொடங்கினால், பழைய தாங்கியிலேயே பொருத்தும் ப்ளூடூத் பெட்டி. மெர்சிடிஸ் கார்களில் 2000களின் முற்பகுதியிலிருந்து, போனுக்கேற்றபடி மேல்துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளும் பொதுத் தாங்கி ஏற்பாடு வந்தது. அந்தத் துண்டு காரிடம் ‘நான் இன்ன போன்’ என்று அறிவிக்கும். மெர்சிடிஸே பின்னர் அந்த இடத்தில் சொருகும் எச்.எஃப்.பி. துண்டு ஒன்றை விற்றது. விசியோ போன்ற வெளி நிறுவனங்களும் விற்றன. கார் தன் தாங்கியில் ஏதோ பழைய போன் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். உண்மையில் அந்தத் துண்டு, பாக்கெட்டில் இருக்கும் புதுப் போனிடம் ப்ளூடூத்தில் பேசி, காரிடம் பழைய போனின் மொழியில் திருப்பிச் சொல்கிறது. கிராமத்துப் பத்திர அலுவலக வாசலில் உட்கார்ந்து, வந்தவரின் பேச்சை அரசாங்க நடையில் எழுதித் தரும் எழுத்தரின் வேலை இது.

இதன் அழகு, காரில் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. ஸ்டீயரிங் பொத்தான் வேலை செய்யும். அழைப்பு வந்ததும் பாட்டு நிற்கும். டாஷ்போர்டில் பெயர் வரும். இன்னொரு லாபமும் பலர் எதிர்பாராமல் கிடைத்தது. 2016-இல் ஐபோனின் இயங்குதளம் பத்தாம் பதிப்புக்கு வந்தபோது, வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் அழைப்பும் சாதாரண அழைப்பு போலவே காருக்கு அறிவிக்கப்படும்படி ஆப்பிள் வழி செய்தது. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே வடிவமைத்த காரின் பொத்தானை அழுத்தி, வெளிநாட்டிலிருந்து வரும் வாட்ஸ்அப் அழைப்பை எடுக்கலாம்.

குறை, பாட்டு. ஆரம்பகால ப்ளூடூத் கார்கள் பேச்சை மட்டுமே கடத்தின. இசைக்கான ஒழுங்கு தனி. அழைப்பு வழியே பாட்டை ஒலிக்கவிட்டால் பழைய தொலைபேசியில் கேட்பதுபோல் தட்டையாக இருக்கும், ஏனென்றால் அந்த வழி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் விடுகிறது. எச்.எஃப்.பி.யின் 1.6 பதிப்பு 2011-இல் அகன்ற குரலைக் கொண்டுவந்தாலும் பழைய கார்களுக்கு அது கிடையாது. ஆக்ஸ் துளை இருந்தால், ஒரு சிறிய ப்ளூடூத் ரிசீவரைத் தனியாகச் சொருகி இசையை அதற்கும் பேச்சைக் காருக்கும் பிரித்துவிடலாம். ஆண்ட்ராய்டு போனில், இணைத்த ஒவ்வொரு சாதனத்துக்கும் ‘அழைப்பு’, ‘மீடியா’ என்று தனித்தனியே தேர்ந்தெடுக்க வழி உண்டு. ஐபோனில் அந்தச் சுதந்திரம் குறைவு. அந்த ரிசீவருக்கும் போன் சார்ஜருக்கும் ஒரே சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுத்தால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஓர் இரைச்சல் ஸ்பீக்கரில் கேட்கும். அது பழுதல்ல. இரண்டும் ஒரே தரையிணைப்பில் சிக்கிக்கொண்டதன் விளைவு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் தனிமைப்படுத்தியை நடுவில் போட்டால் நின்றுவிடும். கேசட் வடிவ அடாப்டரும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரும் வேறு வழியே இல்லாதவர்களுக்கானவை. அவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்தது, ஒளியிழை வளையத்தில் புதிய உறுப்பினரைச் சேர்ப்பது. ஹங்கேரியின் டென்ஷன் நிறுவனம் தயாரித்த கேட்வே 500 இந்த வகையில் பெயர் பெற்றது. அது வளையத்துக்குள் நுழைந்து தன்னைச் சி.டி. மாற்றியாகவோ வேறொன்றாகவோ அறிமுகப்படுத்திக்கொள்ளும். காரின் திரையிலேயே பாட்டுப் பட்டியல் வரும். பி.எம்.டபிள்யூ. உரிமையாளர்கள் இன்னொரு உத்தி கண்டார்கள். 2010 வாக்கில் அந்நிறுவனமே புதிய கார்களில் வைத்த ‘காம்பாக்ஸ்’ என்ற தொலைத்தொடர்புப் பெட்டியை, அதற்குச் சற்று முந்தைய கார்களில் பொருத்தி, மென்பொருளில் காருக்கு அதை அறிமுகப்படுத்திவிடுவது. நிறுவனத்தின் சொந்தப் பாகம் என்பதால் ஒலியும் திரையும் இயல்பாக இருக்கும். ஆனால் இதற்குக் கோடிங் தெரிந்த ஆள் வேண்டும். சும்மா ஒயர் மாட்டினால் கார் அதைத் திரும்பியும் பார்க்காது.

ஒளியிழையில் கை வைக்கிறவர் சிலவற்றை மறக்கக் கூடாது. 25 மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆரத்தில் அதை வளைத்தால் ஒளி சுவர் வழியே கசிந்து வீணாகும். முனையில் தூசியோ விரல் ரேகையோ பட்டால் சிக்னல் குறையும். இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டுப்போடும் பழைய எலக்ட்ரீஷியன் வித்தைகள் இங்கே செல்லாது.

இன்னொரு ஆபத்து மெதுவாக வரும். கார் பூட்டிய சிறிது நேரத்தில் உள்ளே இருக்கும் கணினிகள் எல்லாம் தூங்கிவிட வேண்டும். அப்போது பேட்டரியிலிருந்து போகும் மின்னோட்டம் சுமார் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். மட்டமாகச் செய்த ஒரு பெட்டி வளையத்தைத் தூங்கவிடாமல் அரை ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாளில் 12 ஆம்பியர் மணி போய்விடும். 70 ஆம்பியர் மணி பேட்டரி ஆறு நாளில் காலி. ஒரு வாரம் வெளியூர் போய்த் திரும்பியவர் கார் கிளம்பாமல் பேட்டரியைத் திட்டுவார். குற்றவாளி டிக்கியில் ஒளிந்திருக்கும். வேலை முடிந்த அன்றே, காரைப் பூட்டி ஒரு மணி நேரம் கழித்து மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை.

மூன்றாவது வகைக்கு ஆசைதான் காரணம். 2014-இல் மார்ச் மாதம் ஆப்பிள் கார்ப்ளேயையும் ஜூனில் கூகுள் ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் அறிவித்தபின், பேச்சும் பாட்டும் மட்டும் போதவில்லை. வரைபடமும் திரையில் வர வேண்டும் என்றாகிவிட்டது. பழைய காரின் அசல் திரையிலேயே இதைக் காட்டும் பெட்டிகள் இருக்கின்றன. தலைமைக் கருவிக்கும் திரைக்கும் நடுவே போகும் வீடியோக் கேபிளில் அவை புகுந்துகொள்கின்றன. பொத்தானை நீளமாக அழுத்தினால் காரின் படத்தை மறைத்துப் போனின் படத்தைக் காட்டும். காருக்கு இது எதுவும் தெரியாது. ஒலி பெரும்பாலும் ஆக்ஸ் வழியாகத்தான் வரும். நன்றாக அமைந்தால் பிரமாதம். அமையாவிட்டால், ரிவர்ஸ் கியர் போட்டதும் கேமராப் படத்துக்குப் பதில் வரைபடம் நிற்கும். இன்னொரு விஷயம்: அந்தக் காலத்துத் திரைகளின் தெளிவு குறைவு, இன்றைய வரைபடத்தின் சிறு எழுத்துகள் அதில் கலங்கித்தான் தெரியும்.

டாஷ்போர்டையே பெயர்த்துச் சீனத் தயாரிப்பான பெரிய ஆண்ட்ராய்டுத் திரையைப் பதிப்பவர்களும் உண்டு. மலிவு, பார்க்கவும் பகட்டு. ஆனால் ஒளியிழை வளையத்தில் அசல் ஆம்ப்ளிஃபையர் உள்ள கார்களில், தலைமைக் கருவியைத் தூக்கிவிட்டால் ஒலியின் வழியே அறுந்துபோகிறது. பத்துப் பன்னிரண்டு நல்ல ஸ்பீக்கர்கள் இருந்தும் ஒலி கெட்டுப்போன கார்கள் இப்படி உண்டாகின்றன. விற்கும் நாளில் அசல் பாகம் இல்லாத காருக்கு விலையும் இறங்கும்.

இந்த வகையில் மரியாதையாகச் செய்யப்பட்ட வேலைக்கு எடுத்துக்காட்டு போர்ஷே. 2020-இல் அந்நிறுவனத்தின் பழைய கார்ப் பிரிவு இரண்டு கருவிகளை வெளியிட்டது. 1960களின் முதல் 911 தொடங்கி 1990களின் 993 வரையிலான கார்களின் சிறிய ரேடியோத் துளையில் பொருந்த, மூன்றரை அங்குலத் திரை கொண்டது ஒன்று. அதில் கார்ப்ளே வரும். 996, முதல் பாக்ஸ்டர் கார்களுக்கு ஏழு அங்குலத் திரையோடு மற்றொன்று. அதில் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் வரும். பொத்தான்களும் நிறமும் அந்தந்தக் காலத்து டாஷ்போர்டோடு ஒட்டிப்போகும். பெரிய கருவி காரில் ஏற்கெனவே உள்ள ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர், ஆண்டெனாக்களோடு சேர்ந்து இயங்கும். ஐரோப்பாவில் அப்போதைய விலை சுமார் 1,400 முதல் 1,600 யூரோ. ஒரு ரேடியோவுக்கு இது அதிகம். காரை இருபது ஆண்டுக்குப் பிறகும் தயாரித்தவரே கவனிக்கிறார் என்பதற்கு அதிகமில்லை. ப்ளாபுங்க்ட் தன் 1980களின் ‘ப்ரெமன்’ ரேடியோவை அதே முகத்தோடு, உள்ளே ப்ளூடூத் வைத்து மீண்டும் விற்றதும் இந்த வழியில்தான். மற்ற பெரிய நிறுவனங்கள் லட்சக்கணக்கில் விற்ற சாதாரணக் கார்களுக்கு இப்படி ஒன்று செய்திருக்கலாம், பெரும்பாலும் செய்யவில்லை. புதிய கார் விற்பதில் இருக்கும் லாபம் பழைய ரேடியோவில் எங்கே?

தொலைபேசிப் புத்தகம் தனிக் கதை. 2000களின் கார்கள் சிம்மில் உள்ள பெயர்களையோ, போனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும் பெயர்களையோ சேமித்துக்கொண்டன. அவை எதிர்பார்த்தது சில நூறு பெயர்கள். இன்றைய போனில் இரண்டாயிரம் தொடர்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று எண், மின்னஞ்சல், முகப்படம். கார் திணறி, ‘க’ வரிசையோடு நின்றுவிடும். அல்லது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கும். தமிழில் பெயர் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனை: அந்தத் திரைகளில் ஐரோப்பிய எழுத்துகள் மட்டுமே ஏற்றப்பட்டிருக்கும். ‘அம்மா’ என்ற பெயருக்குப் பதில் வெற்றுக் கட்டங்கள் அழைக்கும். அடிக்கடி பேசும் ஐம்பது பேரை மட்டும் ஆங்கில எழுத்தில் தனியாகச் சேமித்துக் காருக்குக் கொடுப்பதுதான் இப்போதைக்கு வழி.

இவ்வளவும் செய்து காரில் பேசுவது பாதுகாப்பானதா என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. இந்தச் சந்தையை வளர்த்ததே சட்டங்கள். ஜெர்மனி 2001 பிப்ரவரியிலும், நியூயார்க் மாநிலம் அதே ஆண்டு நவம்பரிலும், பிரிட்டன் 2003 டிசம்பரிலும் கையில் போன் பிடித்து ஓட்டுவதைத் தடை செய்தன. இந்தியாவில் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவியையே குறிப்பிடுகிறது. முதல்முறை பிடிபட்டால் அபராதம் ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை. ஆகவே கை வேண்டாத பேச்சு என்றால் ஆபத்தில்லை என்று ஒரு நம்பிக்கை பரவியது. அந்த நம்பிக்கைக்கு முன்பே மறுப்பு வந்திருந்தது. டொரன்டோவில் போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை ரெடெல்மையர், திப்ஷிரானி என்ற இரு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1997-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காத போன் அதைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. தடுமாறுவது கையல்ல, கவனம் என்பதே அதிலிருந்து கிடைக்கும் விளக்கம்.

அப்படியானால் இந்தச் செலவெல்லாம் எதற்கு? போனைத் தேடி மடியில் துழாவுவதும், திரையைக் குனிந்து பார்ப்பதும் குறைகின்றன. அது சிறு லாபமல்ல. ‘ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அரை மணியில் கூப்பிடுகிறேன்’ என்று ஒரே பொத்தானில் சொல்லிவிட முடிகிறது. அதற்கு ஏழு அங்குலத் திரை தேவையில்லை.

இந்தக் கணக்கில் பார்த்தால், பெரும்பாலான பழைய கார்களுக்குச் சரியான வழி எளிய வழிதான்: காரின் மைக், ஸ்பீக்கர், பொத்தான் மூன்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, எச்.எஃப்.பி. பேசும் ஒரு சிறு பெட்டியைப் பழைய போனின் இடத்தில் சொருகுவது. வரைபடம் வேண்டுமென்றால் போனை ஏ.சி. துவாரத்தருகே ஒரு ஹோல்டரில் மாட்டினால் போதும். நாளை போன் மாறும்போது ஹோல்டர்தான் மாறும். வீடியோப் பெட்டியும் திரை மாற்றமும், காரை இன்னும் பத்தாண்டு வைத்துக்கொள்ளத் தீர்மானித்தவருக்கும் அந்தக் காரின் மின்னமைப்பை அறிந்த ஷெட் அருகில் இருப்பவருக்கும் மட்டும்.

புதிய கார்கள் இந்தப் பாடத்தைக் கற்றுவிட்டனவா என்றால், நம்பிக்கை தரும் செய்தி குறைவு. 2023-இல் ஜெனரல் மோட்டார்ஸ், வரப்போகும் தன் மின்கார்களில் கார்ப்ளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது, எல்லாம் காரின் சொந்த அமைப்பிலேயே நடக்கும் என்று அறிவித்தது. ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புதிய மாடல்களில் கட்டாயமான அவசர அழைப்புக் கருவி 2ஜி, 3ஜி வலையமைப்புகளை நம்பி வடிவமைக்கப்பட்டது; அந்த வலையமைப்புகள் அங்கே ஒவ்வொரு நாடாக மூடப்பட்டு வருகின்றன.

புதுக் கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: காருக்குள் இருக்கும் சிம் நின்றுபோனால், இவற்றில் எவையெல்லாம் வேலை செய்யும்? பழைய காரை விற்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று: காரில் சேமித்திருக்கும் போன் இணைப்புகளையும் தொலைபேசிப் புத்தகத்தையும் அழித்துவிடுங்கள், கழற்றிய அசல் தாங்கியைத் தூக்கிப் போடாமல் டிக்கியில் வைத்துக் கொடுங்கள். அதை மாதக்கணக்கில் தேடும் ஒருவர் எங்கேயோ இருக்கிறார்.